அடுத்த ஆட்டம் யாருடையது? தாயக்கட்டத்திலிருந்து ரம்மி ஆப் வரை

2020 ஜூலை 24-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு சின்ன வழக்கில் உத்தரவு வந்தது. சீட்டு ஆடியதாகப் போலீஸ் பதிந்த வழக்கை ரத்து செய்யணும் என்று ஒருவர் போட்ட மனு அது. நீதிபதி பி. புகழேந்தி அந்த மனுவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆன்லைன் ரம்மி மாதிரியான ஆட்டங்களுக்கு விளம்பரம் பெருகிக்கொண்டே போவதையும், வேலையில்லாத இளைஞர்கள் அதில் சிக்குவதையும் எடுத்துச்சொல்லி, இதை முறைப்படுத்த அரசு சட்டம் கொண்டுவரணும் என்ற கருத்தையும் உத்தரவில் பதிவு செய்தார்.

அதற்கடுத்த ஐந்து வருஷத்தில் அவசரச் சட்டம், சட்டம், ரத்து, மறுபடி அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி சட்டம், கடைசியில் நாடாளுமன்றச் சட்டம் என்று ஒரு பெரிய ஓட்டமே நடந்துவிட்டது. பேப்பரில் அவ்வப்போது படித்திருப்பீர்கள். நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன், வக்கீல் இல்லை. ஆனால் இந்தத் தீர்ப்புகளை வரிசையாக உட்கார்ந்து படித்தபோது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கோர்ட்டுகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? ஆப் எழுதுகிறவன் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டான். அவன் கேட்பது வேறு: ஒருத்தர் ஆடி முடித்து, அடுத்த ஆட்டம் வருகிற வரைக்கும் நடுவில் இருக்கிற நேரத்தை என்ன செய்யலாம்?

மாற்றி மாற்றி ஆடுகிற மொபைல் கேம்களின் தொழிலே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும்.

நம்ம ஊர் ஆட்டங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. சுடுமண்ணில் செய்தது உண்டு, யானைத் தந்தத்தில் செய்ததும் உண்டு. வைகைக்கரையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே உட்கார்ந்து உருட்டியிருக்கிறார்கள். அதே போல 'சூது' என்று ஒரு தனி அதிகாரமே திருக்குறளில் இருக்கிறது, 94-ஆவது அதிகாரம். ஆட்டமும் பழசு, ஆட்டத்தைப் பற்றிய கவலையும் பழசு.

நம்ம வீடுகளில் இருந்த நாலு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஆடுபுலி ஆட்டத்தில் பொதுவாக 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. பகடையே கிடையாது, முழுக்க யோசனைதான். பல்லாங்குழியில் 14 குழி. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் ஜெயிப்பார். தாயத்தில் பாதி கட்டை, பாதி புத்தி: விழுகிற எண் நம் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. பரமபதத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை. உருட்டு, ஏறு, பாம்பு கடித்தால் இறங்கு.

இந்த நாலையும் திறமை, அதிர்ஷ்டம் என்று வரிசைப்படுத்தச் சொன்னால் எந்த அப்பத்தாவும் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுவார். நீதிமன்றங்கள் பல வருஷம் விவாதித்த கேள்விதான் அது. ஆனால் நாலுக்கும் பொதுவாக இன்னொன்று இருக்கிறது. எதிராளி யோசிக்கிற நேரம் நம்முடைய நேரம். அந்த நேரத்தில் பேசலாம், கேலி பண்ணலாம், அடுப்பில் வைத்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். "சீக்கிரம் ஆடுப்பா" என்று சத்தம் போடலாமே தவிர, அந்த இடைவெளியை யாரும் யாருக்கும் விற்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்டத்துக்கு எப்போது நேரம் என்பதை வீடும் ஊரும் சேர்ந்து முடிவு செய்தன. விளக்கு வைத்த பிறகு தாயம் உருட்டக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே பெரியவர்கள் வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பரமபதம் ஆடுவார்கள். விடிய விடிய ஆட ஒரு ராத்திரி, மறுநாள் அட்டையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான். ஆட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு கை ஆட்டத்தை நிறுத்தியது.

காத்திருக்கும் நேரம்

மாட்டுத்தாவணி வருவதற்கு முன்னால் எங்கள் பழங்காநத்தத்தில் வெளியூர் பஸ் ஸ்டாண்ட் இருந்தது. தெற்கே போகிற பஸ்ஸுக்கு ஜனம் இங்கேதான் காத்துக் கிடக்கும். காத்திருக்கிற நேரத்துக்கு என்று ஒரு வியாபாரம் உண்டு: வறுகடலை, வாரப் பத்திரிகை, டீ. பஸ் வந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஏறிவிடலாம்.

மொபைல் கேம் பிடித்ததும் இதே நேரத்தைத்தான். பந்தயக் கார் ஓட்டுகிற ஆட்டத்தில் நடுவே தலையைத் தூக்கினால் வண்டி மோதிவிடும். சுடுகிற ஆட்டத்தில் செத்துவிடுவோம். மாற்றி மாற்றி ஆடுகிற ஆட்டத்துக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஒரு காயை நகர்த்தலாம். டோக்கன் நம்பர் கூப்பிட்டால் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போகலாம். விதிகளும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. லூடோ என்பது பச்சிசியிலிருந்து இங்கிலாந்து போய் மாறித் திரும்பி வந்த ஆட்டம். தாயம் தெரிந்தவர்களுக்கு அது பங்காளி வீட்டுப் பிள்ளை மாதிரி. நவி மும்பையில் விகாஷ் ஜெய்ஸ்வால் நடத்துகிற கேமேஷன் நிறுவனம் 2016-ல் லூடோ கிங்கை வெளியிட்டது. 2020 ஊரடங்கில் ஒரு ஊரில் அண்ணன், இன்னொரு ஊரில் தங்கை, வெளிநாட்டில் மாப்பிள்ளை என்று பிரிந்து கிடந்த குடும்பங்கள் அதில்தான் ஒன்றாக உட்கார்ந்தன. இந்த ஆட்டங்களின் ஈர்ப்பு உண்மையானது. வெறும் போதை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

இடைவெளியை விற்பது எப்படி?

ஆட்டம் இலவசம். சர்வர், சம்பளம், விளம்பரச் செலவு எல்லாம் எங்கிருந்து வரும்? இங்கேதான் அந்த இடைவெளி சரக்காகிறது.

முதல் வழி, இடைவெளியை நீட்டுவது. தபாலில் சதுரங்கம் ஆடியவர்கள் ஒரு காயை நகர்த்திவிட்டுப் பதில் அட்டைக்கு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். 2009-ல் வந்த வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ் அந்தத் தபால்காரனை மொபைலுக்குள் கொண்டுவந்தது. எதிராளி ஆடினதும் "இப்ப உங்க டேர்ன்" என்று போன் கூப்பிடும். அடுத்த வருஷமே ஜிங்கா நிறுவனம் அதைச் செய்தவர்களை வாங்கிவிட்டது. நாம் மறந்துபோன ஆட்டத்துக்கு நம்மைத் திருப்பி இழுத்து வருகிற அந்த ஒரு மணிச்சத்தத்துக்குத்தான் மதிப்பு.

2012-ல் வந்த கேண்டி க்ரஷ் இன்னும் ஒரு படி போனது. இது தனியாளாக ஆடுவது, ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை நகர்த்தல்தான் என்று கணக்கு. தோற்றால் ஒரு உயிர் போகும். மொத்தம் 5 உயிர். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம். காத்திருந்தால் காசு வேண்டாம். காத்திருக்க முடியாதென்றால் காசு. கவனியுங்கள், அந்த அரை மணி நேரம் இயற்கையாக வந்தது இல்லை. ஒரு எஞ்சினியர் ஒரு எண்ணை டைப் செய்து உண்டாக்கிய காத்திருப்பு. தாகத்தையும் அவர்களே உண்டாக்கி தண்ணீரையும் அவர்களே விற்கிறார்கள். இந்த ஆட்டத்தை நடத்திய கிங் நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆக்டிவிஷன் பிளிஸார்ட் 2015-ல் அறிவித்தது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் சல்லிக்காசு தராமலே இவ்வளவு விலை. மிச்சப்பேர் விளம்பரம் பார்த்துக் கட்டணம் செலுத்துகிறார்கள், அதாவது நேரத்தால்.

இதற்கு மாற்றாகவும் ஒரு உதாரணம் உண்டு. 2021-ல் ஜாஷ் வார்டில் வெளியிட்ட வேர்டில், நாளைக்கு ஒரே ஒரு புதிர்தான் தரும். முடித்தால் நாளை வா என்று அனுப்பிவிடும். வெளிவந்த காலத்தில் காசு கொடுத்து இன்னொன்று வாங்கவும் முடியவில்லை. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆளைப் போகவிடுகிற ஆட்டத்துக்கும் விலை உண்டு. ஆனால் 590 கோடிக்கு அது பக்கத்தில்கூட வராது.

இடைவெளியை நசுக்குவது எப்படி?

இரண்டாவது வழிதான் தமிழ்நாட்டில் உயிர்களைக் காவு வாங்கிய வழி. பணம் வைத்து ஆடுகிற ரம்மியில் நிறுவனத்துக்கு யார் ஜெயித்தாலும் கவலை இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்கிற பணத்திலிருந்து ஒரு பங்கு சர்வீஸ் சார்ஜாகப் போய்விடும். எத்தனை ஆட்டமோ அத்தனை பங்கு. அதனால் இங்கே இடைவெளி எதிரி.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமமான திறமையுள்ள இரண்டு பேர், ஆளுக்கு 1000 ரூபாய். ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் விழுந்த 200-ல் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, 180 ஜெயித்தவருக்கு. இரண்டு பேரும் மாறி மாறி ஜெயிக்கிறார்கள், யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 90 ஆட்டம் முடியும்போது ஆளுக்கு 100 ரூபாய்தான் மிச்சம் இருக்கும். 1800 ரூபாய் நிறுவனத்திடம் போயிருக்கும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். கலைத்துப் போட ஆள் வேண்டாம், எண்ண வேண்டாம், யோசிக்க அரை நிமிஷம் போலத்தான். ஒரு ஆட்டம் 3 நிமிஷம் என்றால் 90 ஆட்டம் 270 நிமிஷம், அதாவது நாலரை மணி நேரம். ராத்திரி 12 மணிக்கு உட்கார்ந்தால் விடிகாலை நாலரைக்குக் கணக்கு முடிந்துவிடும். இதே 90 ஆட்டத்தைத் தெருத் திண்ணையில், கலைத்து, பங்கு போட்டு, சண்டை போட்டு, டீ குடித்து, ஆட்டத்துக்கு 12 நிமிஷம் என்று ஆடினால் 18 மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது வீட்டிலிருந்து ஆள் வந்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். போகவில்லை என்றாலும் அந்த 2000 ரூபாய் இரண்டு பேருக்குள்ளேயேதான் இருக்கும்.

திறமை அதிகமாக இருந்தால் தப்பிக்கலாமே என்று கேட்கலாம். ஒருத்தர் தப்பிக்கலாம். எதிரே இருக்கிறவர் அவ்வளவு சீக்கிரம் காலியாவார், அந்த நாற்காலியில் இன்னொருத்தர் வந்து உட்காருவார். மேசையிலிருந்து வெளியே போகிற கமிஷன் குறையாது.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் இதில் கையிருப்பை எல்லாம் விட்டார், கடனும் வாங்கினார். நல்ல மூளைக்காரர், சீட்டு ஞாபகம் அபாரம். பின்னால் ஒரு நாள் சொன்னார்: "தோத்தது கூட புரியுது சார். எப்ப விடிஞ்சதுன்னுதான் புரியல." அவர் மீண்டுவிட்டார். மீளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க வந்துகொண்டே இருந்தன.

சட்டம் கேட்ட கேள்வி

இந்தப் பின்னணியோடு சட்டத்துக்கு வருவோம். 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம்தான் சென்னை மாகாணத்தில் தொடங்கி இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி வரை செல்லுபடியாகி வந்தது. அதில் வெறும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு. எல்லா வாதமும் இந்த ஒரு வாசலில்தான் நுழைந்தது.

1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஹிதயதுல்லா எழுதியது. மூணு சீட்டு மாதிரி முழு அதிர்ஷ்டம் இல்லை ரம்மி; விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, எதை வைப்பது எதைப் போடுவது என்று முடிவெடுக்கத் திறமை வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: ஆட்டம் நடத்துகிற இடத்துக்காரர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுக்கிறார் என்று ஆதாரம் இருந்தால், ரம்மியாகவே இருந்தாலும் குற்றம் ஆகலாம். அந்தக் கிளப் வாங்கியது சாதாரண சேவைக் கட்டணம்தான் என்று பார்த்ததால்தான் ஆடியவர்கள் தப்பித்தார்கள்.

ஆன்லைன் நிறுவனங்கள் தீர்ப்பின் முதல் பாதியை மனப்பாடமாக ஒப்பித்தன. இரண்டாம் பாதிக்கு, எங்கள் கமிஷனும் கிளப் கட்டணம் மாதிரிதான் என்று பதில் வைத்திருந்தன. நாற்காலிக்கும் விளக்குக்கும் வாங்குகிற வாடகையும், ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயத்திலிருந்தே அள்ளுகிற பங்கும் ஒன்றுதானா? என் பார்வையில் விவாதம் நின்று நிதானமாக நடந்திருக்க வேண்டிய இடம் இது. ஆனால் எல்லோரும் திறமையா அதிர்ஷ்டமா என்பதிலேயே திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள்.

மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது, 2021 தொடக்கத்தில் அது சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டத்தையும் சேர்த்து ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது அளவு மீறியது என்பது சாரம். 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10-ல் ஒப்புதல் வந்தது. 2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கான தடை மட்டும் செல்லாது என்றது. கூடவே, வயது, நேரம் இவற்றுக்கு அரசு விதி போடலாம் என்றும் சொன்னது.

அந்த 'நேரம்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளில், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பூட்டு. 18 வயதுக்குக் கீழே கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் திரையில் எச்சரிக்கை வரணும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. மேலே போட்ட கணக்கை ஞாபகப்படுத்திப் பாருங்கள். நாலரை மணி நேர ஆட்டத்தை அப்படியே அடைக்கிற ஐந்து மணி நேரப் பூட்டு அது. விளக்கு வைத்த பிறகு தாயம் உருட்டாதே என்ற பழைய அதட்டல் அரசாணையாக வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பூட்டு எவ்வளவு வேலை செய்யும் என்று பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டம் எல்லாமே தடை. பெரிய ரம்மி நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. பல பத்து வருஷம் கேட்ட கேள்வியை ஒரே வரியில் ஓரம் கட்டிவிட்டார்கள்.

இனி?

பணம் ஜெயிக்க முடியாத ஆட்டங்களுக்கு இந்தத் தடை இல்லை. அது சரிதான், லூடோவையும் ரம்மியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் பணப் பந்தயம் போனதால் இடைவெளி வியாபாரம் போய்விடவில்லை. முதல் வழி அப்படியே இருக்கிறது: உயிருக்கு அரை மணி, ஐந்து ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம், இன்றைக்கு வராவிட்டால் நேற்றைய பரிசு போய்விடும் என்கிற மிரட்டல். இதில் யாரும் ஒரே ராத்திரியில் கடனாளி ஆக மாட்டார்கள். தினம் அரை மணி, முக்கால் மணி என்று போகும், அவ்வளவுதான். அதற்கு எந்த வழக்கும் வராது.

ஆகவே பிள்ளைகள் போனில் ஒரு புது ஆட்டத்தை இறக்கினால், அது மூளைக்கு நல்லதா என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு ஆட்டம் ஆடுங்கள். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிற அந்த இடத்தில் திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். காத்திருக்கச் சொல்கிறதா? காத்திருப்புக்கு விலை சொல்கிறதா? மூடிவிட்டு எழுந்தால் பின்னாலேயே கூப்பிடுகிறதா? ஆட்டத்தை எழுதினவன் எதை விற்கிறான் என்பது அந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும்.